தரை வாங்கிய மார்க்கு

“நாப்பத்தொண்ணு” என்றான் வாண்டர்லேய், முள்ளைக் குனிந்து பார்த்து.

நிவால்டாவும் கூடவே குனிந்து பார்த்தாள். கஷோய்ரோ ஊரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தரை துடைத்துத் துடைத்தே முட்டி தேய்ந்தவள் அவள். போன வாரம் கவுன்சிலர் ஒருவரின் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். “கிரானைட் நல்ல கிரானைட்தான். வழுக்கினா அது உன் கைவரிசை. திருட்டுத்தனமா மெழுகு போடறியா?” என்று கத்திய டைரக்டர் டாக்டர் அடவுட்டோ, வழுக்கலை அளக்க ஆளையே வரவழைத்துவிட்டார். தரை தேறினால் அவளுக்கு வேலை உண்டு. தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வாண்டர்லேய் கொண்டுவந்த கருவியில் ஓர் இரும்புக் கை; அதன் நுனியில் ரப்பர். ஈரத்தரையை உரசிக்கொண்டு அது வீசிப் போகும், ஒரு முள்ளைத் தள்ளும்; தரை வழுக்க வழுக்க முள் காட்டும் எண் குறையும். அவ்வளவுதான். இதற்கா நான்கு பெட்டி!

“தேறிடுச்சா தம்பி?”

“அளக்கறதுதான் என் வேலை, தோனா நிவால்டா. சொல்ல வேண்டியதை டைரக்டர்கிட்ட சொல்லிடுவேன்.”

டைரக்டர் அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனான். டைரக்டர் துக்க வீட்டு முகத்தோடு வெளியே வந்தார்.

“நாப்பத்தொண்ணாமே, நிவால்டா! பள்ளிக்கூடத்துல எவ்வளவு எடுத்தா பாஸ்?”

“அறுபது, டாக்டர்.” அவள் கடைக்குட்டி ஐம்பத்தெட்டு வாங்கி அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குத் தெரியாதா?

“சரி, அழாதே. இன்னொரு தடவை அளக்கச் சொல்றேன். சோப்புத் தூளைக் கொட்டித் தேய். அலசிக்கிட்டு நிக்காதே, ஆள் காத்திருக்கான்.”

இந்த மனுஷனையா இத்தனை நாள் மனசுக்குள் திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தேய்த்தாள். முள் இருபத்தேழில் நின்றது.

“சோப்பு ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய் விட்டுத் துடை” என்றார் டைரக்டர்.

துடைத்தாள். பதினாறு.

அப்போதுதான் அவளுக்கே ஒரு யோசனை. மீனைச் சோளமாவில் புரட்டினால் கை வழுக்காதே! சமையற்கட்டுக்கு ஓடி, ஒரு பொட்டலம் மாவைக் கொண்டுவந்து தரை முழுக்கத் தூவினாள். டைரக்டர் தடுக்கவில்லை. “பலே!” என்றார்.

இரும்புக் கை காற்றில் வீசுவதுபோல் பறந்தது. ஒன்பது! எழுந்து நின்ற வாண்டர்லேய் கால் வழுக்கி, மஞ்சள் மாவில் தொப்பென்று உட்கார்ந்தான். வரிசையில் இருந்த நோயாளிகள் நோயை மறந்து சிரித்தார்கள்.

டைரக்டர் சிரிக்கவில்லை, கையை நீட்டினார்.

“சாவிக்கொத்தைக் கொடு. இதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும், சொல்லு. என் மச்சினி பாவம் வேலையில்லாம இருக்கா. நாளைக்கு அவளை வரச்சொல்லிக்கறேன்.”

கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? “எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீங்களே டாக்டர், கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும்” என்று கண்ணீரோடு கும்பிட்டுவிட்டு வேறு வந்தாள், பைத்தியக்காரி.

வாசலில் வாண்டர்லேய் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இன்னும் பின்பக்கமெல்லாம் மாவு.

“மன்னிச்சுக்கோ தம்பி. என்னால நீயும் விழுந்தே, தரையும் பெயிலாயிடுச்சு.”

“பெயிலா? முப்பத்தாறு வந்தாலே போதும், தரை ஜோரா பாஸுன்னு காலையிலேயே டைரக்டர்கிட்ட சொல்லிட்டேனே தோனா! சோப்பு, மண்ணெண்ணெய் போட்டா எவ்வளவு மோசமாகும், அதையும் அளந்து கொடுன்னு கேட்டதே அவர்தான்!”