மைனரும் மேஜரும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை. பின்னறையில் தையல் மெஷின் ஓடுகிறது, கேட்கிறதா? அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். முன்னால் கடை, பின்னால் வீடு. எந்தப் பூட்டையும் திறந்துவிடுவேன், என் வீட்டுக்காரியின் மனசைத் தவிர. அதைத் திறந்தவன் எதிர்ச்சாரியில் நின்றான். முழங்கால் உயரம்.

சைக்கிள் கடைக்காரர் கழித்துப் போட்ட சாமான்களைப் பற்றவைத்துத் தன் கடை வாசலில் நிறுத்திய பொம்மை அது. தலைக்கு மணி, மீசைக்குச் செயின் துண்டு, கைக்கு பிரேக் பிடி. இதோ ஆடப்போகிறேன் என்பதுபோல ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பார்த்த அன்றைக்கே இவள் பேர் வைத்துவிட்டாள், மைனர் என்று.

கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொம்மையை அண்ணே என்று கூப்பிடவில்லையே, அதுதான் குத்தியது. கடைவீதிக்குப் போகும்போது அவன் தலையில் ஒரு தட்டு. ட்ரிங். திரும்பும்போது ஒரு தட்டு. ட்ரிங். இங்கே என் கையில் திருப்புளி நழுவும். மழை வந்தால் மைனர் நனைகிறாரே என்று ஜன்னலோரம் நின்று கவலைப்படுவாள். அந்த மழையில் நானும்தான் நனைந்து வந்தேன். தரையெல்லாம் ஈரம் என்றாள். அவனுக்கு 'ர்' போட்டு மரியாதை. தாலி கட்டாத குறைதான். கட்டின நான் "இந்த மனுஷன்".

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"அந்த இரும்புக்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டே?"

"துருப்பிடிச்சு மூலையில கிடந்ததை எடுத்து ஆளாக்கிட்டாரே அண்ணே, அதைச் சொல்றேன்."

"எங்கிட்ட இல்லாத இரும்பா?"

"இல்லேன்னு யாரு சொன்னா? கையில வித்தை வேணுமே."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

இந்த இடத்தில் என் பின்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாவி தொலைந்த பூட்டு, பூட்டு தொலைந்த சாவி, ஓட்டைக் கெட்டில், உடைந்த தாழ்ப்பாள், குழாய், கீல், எல்லாம் தரையிலிருந்து கூரை வரைக்கும் குவிந்திருக்கும். எதையும் எறிய மாட்டேன். என்னைக்காவது உதவும் என்பேன். வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. இவளோ கட்டில் காலடியில் மெஷினைச் செருகிவைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தைப்பாள். அந்த அறையைக் கொடு என்று கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒரு ஆணியைக்கூட அவளால் அசைக்க முடியவில்லை. என் கோட்டை அது.

மறுநாள் விடிந்ததும் சபதம் செய்தேன். அவன் மைனர் என்றால் என் ஆள் மேஜர். முழங்கால் உயரமெல்லாம் கிடையாது, ஆள் உயரம்.

பற்றவைக்கத் தெரியாது. சைக்கிள் கடையில் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கம்பியாலேயே இழுத்துக் கட்டினேன். குழாய் கால் ஆனது, கெட்டில் வயிறு ஆனது. இவள் அடிக்கடி எட்டிப் பார்த்தாள். மேஜருக்கு வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறதே என்றாள். இன்னும் மூன்று கெட்டில் போனது. மேஜர் என்றால் மார்பில் மெடல் வேண்டாமா என்றாள். கொத்துக்கொத்தாகச் சாவி போனது. முதுகு ஒல்லி என்றாள், தாழ்ப்பாளெல்லாம் போனது. எல்லாம் சரி, மைனரைப் போலச் சிரித்த முகம் இல்லையே என்று ஒருநாள் பெருமூச்சு விட்டாள். வயிறு எரிந்தது. கடையில் இருந்த வெட்டாத புதுச் சாவிகளை ஒன்று விடாமல் எடுத்துப் பல் வரிசை வைத்தேன்.

மேஜரைக் கடை வாசலில் நிறுத்தினேன். தெருவே நின்று பார்த்தது. சைக்கிள் கடைக்காரரும் வந்து தலையாட்டினார். மைனர் எதிரே சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கித் தெரிந்தான். இவள் வெளியே வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பீரமா இருக்காரு" என்றாள்.

'ர்'. கேட்டீர்களா? 'ர்' போட்டாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்தப் பெருமையோடு உள்ளே போனேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

தரை தெரிந்தது. கழுவி விட்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தையல் மெஷின் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு ஆணிகூட இல்லை.

"இதென்னடி?"

"என்னைக்காவது உதவும்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க. உதவிடுச்சு."

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். குவியலில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பூட்டை எப்போதோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். அதை மாட்டிப் பூட்டினாள்.

"இது எதுக்கு?"

"மேஜர் சலிச்சுப்போனா திரும்ப உள்ளதான் கொண்டாந்து கொட்டுவீங்க. உங்களைத் தெரியாதா?"

வேறு சாவி போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்கு ஓடினேன். ஊருக்கெல்லாம் சாவி வெட்டுகிறவன் கையில் வெட்ட ஒரு சாவி இல்லை. எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான் மேஜர்.

இவள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். மேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எதிர்ச்சாரிக்குப் போனாள். குனிந்து மைனர் காதில் ஏதோ சொன்னாள். அப்புறம் தலையில் செல்லமாக ஒரு தட்டு.

ட்ரிங்.