டம்ளரில் உறைந்த நோய்

1958-இல் பெங்களூரு மர்பி டவுனில் நோய்களுக்கெல்லாம் பெரிய ஆபத்து வந்துவிட்டது. உறைசாமி என்றொருவர் அவற்றைப் பிடித்து டம்ளரில் அடைக்க ஆரம்பித்திருந்தார். காய்ச்சல், கீல்வாயு, மாமியார் சாபம், எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை அல்சூர் ஏரிவரை போயிற்று என்றார்கள். பாதி வழியாவது போயிற்று, நானே பார்த்தேன்.

முறை எளிது. அரை டம்ளர் தண்ணீர், அதைவிட அதிகமாகவே சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோக வேண்டும். காணிக்கையைச் சொல்லவே வேண்டாம். சாமி நோயாளியின் பெயரைக் கேட்பார். பட்டுத்துணி சுற்றிய குடுவையிலிருந்து ஒரு கரண்டி திருநீறு போடுவார். எல்லாவற்றையும் ஸ்டவ்வில் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றுவார். பஜனை முடிவதற்குள் கட்டியாகிவிடும், கவிழ்த்தாலும் விழாது. நோய் பிடிபட்டதாம். அதை வாசலில் புதைக்க வேண்டும். மர்பி டவுன் எறும்புகளுக்கு அந்த வருஷம் தினமும் தீபாவளி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், சந்திரம்மா மட்டும் இல்லையென்றால். அவள் மகள் காந்தாவுக்குப் பதினாறு வயது, சயரோகம். ஆஸ்பத்திரி ஊசியில் தேறிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டால் உறைந்த நோய் கரைந்து உடம்புக்கே திரும்பிவிடும் என்றார் சாமி. ஊசி நின்றது. மூன்றாம் வாரம் காந்தா இருமிய துணியில் மறுபடி ரத்தம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சந்திரம்மாவின் அண்ணன் நாராயணசாமி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர் அட்டெண்டர். தங்கையிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனார். கடைசியில், சாமி தோற்றால் மறுநாளே ஊசி என்று வாக்கு வாங்கிக்கொண்டு அவளோடு வரிசையில் நின்றார்.

நோயாளி யார் என்று சாமி கேட்டார்.

"ராஜலக்ஷ்மி சாமி. மூணு வருஷமா ஒரே இருமல்."

கொதித்தது, ஊற்றினார், உறைந்தது. முற்றிய சயரோகம், இன்னும் பத்து வாரம் அவளை நேரில் வரச்சொல் என்றார் சாமி.

"வர முடியாது சாமி. ராஜலக்ஷ்மின்றது எங்க லேப் தண்ணி பம்பு. தரையில போல்ட்டு போட்டு முடுக்கி வச்சிருக்கோம்."

சாமி அசரவில்லை. இயந்திரத்துக்கும் தோஷம் உண்டு என்றார். கூட்டம் தலையாட்டியது. அதற்காகத்தானே வந்திருந்தது.

"சரி, இப்ப காந்தாவுக்குப் புடிங்க. சக்கரையும் எலுமிச்சம்பழமும் மட்டும் வேணாம்" என்றார் நாராயணசாமி.

சர்க்கரை இல்லாமல் ஆகாது என்று சாமி ஆரம்பித்தார். பதில் சொன்னது சந்திரம்மாதான்.

"போடுங்க சாமி. என் பொண்ணு நோய்க்கு எதுக்கு சக்கரை?"

மூன்று பஜனை முடிந்தது. அவளே டம்ளரைக் கவிழ்த்தாள். சாமியின் மடியெல்லாம் கஞ்சி மாதிரி வழிந்தது.

அடுத்த தெருவில் கிறிஸ்துமஸுக்குக் கொய்யா ஜெல்லி காய்ச்சி விற்கும் பவுலின் முட்டிவலியோடு வரிசையில் நின்றிருந்தாள். ராஜலக்ஷ்மியின் சயரோகத்தை ஒரு ஸ்பூன் எடுத்து, பையிலிருந்த பன்னில் தடவித் தின்றாள்.

"நல்ல ஜெல்லி மேன். கொய்யாதான் இல்ல."

நாராயணசாமி குடுவையின் பட்டுத்துணியை உருவினார். உள்ளே பழுப்பு நிற பாட்டில். 'பெக்டின். பழத்தோலின் செல் சுவரிலிருந்து எடுத்தது. ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால் ஜெல்லியை உறையவைக்கும் சரக்கு அதுதான். அதன் கீழே பாட்டிலைத் திறந்த தேதியும் ஒரு கையெழுத்தும். ஸ்டோரில் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவது நாராயணசாமியின் வேலை. அது அவருடைய கையெழுத்தேதான். நிமிர்ந்து சாமியின் தாடி முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பச்சைமுத்து, நீ எங்க லேப்ல பாட்டில் கழுவிக்கிட்டு இருந்தவன்தானே?"

சாமி எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்தால், அவருக்கு மட்டும் எந்த நோயும் இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் காந்தாவுக்கு ஊசி போட்டார்கள். அதே வாரம் ராஜலக்ஷ்மிக்கு மெக்கானிக் வந்து வாஷர் மாற்றினான், இருமல் நின்றது. பம்பு இருமினால் மெக்கானிக்கைக் கூப்பிட நமக்குத் தெரிகிறது. பெற்ற பிள்ளை இருமினால் மட்டும் ஏன் ஐயா சாமியாரைத் தேடுகிறோம்?