ஏர்கோன் பொழிந்த ஆசீர்வாதம்

ஒரு வேலை நமக்குத் தெரியாது என்று தெரிந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் வீட்டில் யாராவது நனைகிறார்கள். என் விஷயத்தில் நனைந்தவர் என் வருங்கால மாமனார்.

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல். அங்கே எதுவும் காயாது. துவைத்த துணி ஈரமாகவே இருக்கும், உப்பு கட்டியாகிவிடும், பிஸ்கட் மறுநாளே பல்லில் ஒட்டும். ஹாலில் வியர்க்காமல் உட்கார வேண்டுமென்றால் ஏர்கோன் ஒன்றே கதி. அந்த ஏர்கோன், ரூபனின் பெற்றோர் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் காலையில், உர்ரென்று சத்தம் மட்டும் போட்டது. காற்று வரவில்லை.

ரூபனும் நானும் மலாக்கா டவுனில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். அவன் வீட்டார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள். அப்பா ஓய்வுபெற்ற கணக்காளர், அம்மா ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை. என் அப்பாவோ நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இந்த வித்தியாசத்தில் ரூபனின் அம்மாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. அவன் மழுப்பி மழுப்பிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஞாயிறு ஆராதனை முடிந்து வருவார்கள். பிடித்தால் தேதி பேசுவார்கள். பிடிக்காவிட்டால் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழுந்துவிடுவார்கள், அதற்கப்புறம் ரூபன் எனக்கில்லை. (அம்மா பேச்சை மீறுகிற ஜாதி இல்லை அவன். இன்றைக்கும் இல்லை.) நான் நிஜமாகவே பயந்து போயிருந்தேன். போதாததற்கு, "அம்மாவுக்கு வெக்கை ஒத்துக்காது, தலை சுத்தும்" என்று வேறு சொல்லிவைத்திருந்தான்.

"ஃபேன் போட்டுக்கலாம்லா" என்றார் அப்பா.

"அது கடகடன்னு ஆடுறதைப் பார்த்தா அவங்க வாசலோட திரும்பிப் போயிருவாங்கப்பா."

பக்கத்து வீட்டில் ஒரு ஏர்கோன்காரரின் நம்பர் கிடைத்தது. மலாய்க்காரர். எனக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு. வாட்சப்பில் சரளமாக அடித்து அனுப்பினேன்: "அபாங், ஏர்கோன் ரோசாக். ஏர் தாக் கெலுவார்." அண்ணே, ஏர்கோன் கெட்டுப்போச்சு, காற்று வெளியே வரவில்லை.

மலாய் தெரிந்தவர்கள் இங்கேயே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காற்றுக்கு மலாயில் 'ஆங்கின்' என்று நல்ல சொல் இருக்கிறது. நமக்குத்தான் எந்த மொழியையும் கலக்காமல் பேசிப் பழக்கமில்லையே! நடுவில் ஆங்கிலத்தைச் செருகினேன். ஏ, ஐ, ஆர். ஆங்கிலத்தில் படித்தால் 'ஏர்', காற்று. அதே மூன்று எழுத்தை மலாயில் படித்தால் 'ஆயேர்', தண்ணீர். வாயால் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். எழுதித் தொலைத்தேன்.

ஆக, ஏர்கோனிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். வெயில் காலம், ஊர் முழுக்க ஏர்கோன்கள் படுத்துவிட்டன, இன்று வர முடியாது என்றார். நீயே செய்யலாம், சுலபம் என்றும் எழுதினார். முதலில் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழுவு. பிறகு கொஞ்சம் 'ஏர்' உள்ளே விட்டு, வெளிச்சுவரில் இருக்கிற வெள்ளைக் குழாய் வழியாக வருகிறதா பார்.

அவர் சொன்னது ஒரு குவளைத் தண்ணீரை. நான் படித்தது காற்றை.

"அப்பா, சைக்கிள் பம்ப் எங்கப்பா?"

"எதுக்கு?"

"ஏர்கோனுக்குக் காத்து அடிக்கணுமாம்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார்கள். என் அப்பா வாழ்நாளெல்லாம் டயரைத் தட்டிப் பார்த்தவர். காற்று அடிக்க வேண்டும் என்றால் அவருக்கு அது நியாயமான விஷயம். "எவ்வளவு அடிக்கணுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

"அதைச் சொல்லலப்பா. அடிப்போம், பார்ப்போம்."

நான் ஃபில்டரை வெளியே எடுத்தேன். அதன்மேல் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. கழுவி மாட்டினேன். பிறகு, உள்ளே காற்று விட வேறு வழி தெரியாமல், இருவரும் வெளியே போய், வெள்ளைக் குழாயின் வாயில் பம்பை வைத்து, இடைவெளியைக் கைலித் துணியால் இறுக்கிக் கட்டினோம். அப்பா அடித்தார், அடித்தார், முகம் சிவக்க அடித்தார். சுவருக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னம்மா அது?"

"அடைப்பு எடுத்துக்கிச்சுப்பா!" என்று நான் கை தட்டினேன். உண்மையில் கழன்றது அடைப்பு இல்லை. தண்ணீர்க் குழாய்தான் ஏர்கோனிலிருந்து கழன்றுபோயிருந்தது.

உள்ளே போய்ப் போட்டால், ஆகா, ஜில்லென்று காற்று. (ஃபில்டரைக் கழுவியதால் வந்த காற்று. நான் அதைப் பம்பின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.) "ஏர் கெலுவார்?" என்று அபாங் கேட்டார். "கெலுவார், அபாங்! பாஞ்யாக்!" நிறைய வருகிறது என்றேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்குத் தண்ணீர் போன சந்தோஷம், எனக்குக் காற்று வந்த சந்தோஷம். "நாளைக்கு வேணும், அதுக்கு அலுத்துரப் போவுது" என்று என் அம்மா உடனே சுவிட்சை அணைத்துவிட்டார்.

மறுநாள் ரூபனும் அவன் பெற்றோரும் வந்தார்கள். மரியாதை என்று நினைத்து, ரூபனின் அப்பாவை ஏர்கோனுக்கு நேர் கீழே இருந்த பெரிய நாற்காலியில் அம்மா உட்கார வைத்தார். ரூபனின் அம்மா சுவர், திரை, தரை எல்லாவற்றையும் சோதனைத் தாள் மாதிரி பார்த்துக்கொண்டே வந்து, "வீடு நல்ல குளிர்மையா இருக்கு" என்றார்.

"நேத்து கெட்டுப்போச்சு ஆன்ட்டி. நான்தான் சரி பண்ணுனேன்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"ஓ! கெட்டிக்காரப் பிள்ளை."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா எழுந்து ஜெபம் செய்தார். அப்பாவின் ஜெபம் நியாலாஸில் புறப்பட்டு உலகத்தைச் சுற்றிவிட்டுத்தான் சோற்றுக்கு வரும். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். "தகப்பனே, மகன் வீட்டார் தலைமேல் உமது ஆசீர்வாதத்தை ஊற்றும்" என்று அவர் சொன்னபோது, சொட் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். ஏர்கோனின் ஓரத்திலிருந்து அங்கிளின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

அங்கிள் ஒழுக்கமானவர். ஆமென் சொல்லும்வரை அசையக் கூடாது என்று வளர்ந்தவர். "ஆ..." என்று மட்டும் முனகினார். யாரோ உருகிவிட்டார்கள் என்று அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இன்னும் ஊற்றும் ஆண்டவரே! நிரம்பி வழிய ஊற்றும்!"

ஊற்றியது. தூசியும் கலந்து, கோப்பிக் கலரில், கோடாக இறங்கி, அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் பரவியது. எனக்கு அப்பாவை நிறுத்தவும் வாய் வரவில்லை, எழுந்து ஓடவும் கால் வரவில்லை. எதிரே பார்த்தால் ஆன்ட்டியும் கண்ணைத் திறந்திருந்தார். கணவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். தொலைந்தது, என் கல்யாணம் இந்தக் கோப்பித் தண்ணீரோடு போயிற்று என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆமென் வந்தது. ஆன்ட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றே நினைத்தேன். தலைப்பை எடுத்ததும்தான் தெரிந்தது, சிரிப்பு.

"எங்கட பாதிரியார் எத்தினை வருசமாக் கேக்கிறார், ஒரு துளி வரேல்லை. உங்கட அப்பா கேட்ட கையோட வந்திட்டுதே!"

அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்டனானோ?" என்றார்.

என்ன செய்தாய் என்று ஆன்ட்டி விசாரித்தார். நான் வாட்சப்பைக் காட்டினேன். அப்பா பம்பையும் கொண்டுவந்து காட்டினார். ஆன்ட்டி படித்துப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "பிள்ளை, இதில ஆங்கின் எண்டு வரவேணும்" என்று திருத்தினார். பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "கலியாணத்தைத் தள்ளிப்போடாமல் கெதியா வைப்பம். இந்தப் பிள்ளையைத் தனிய விட்டால் உங்கட வீடு மிஞ்சாது." நான் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன். ரூபன் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் கூரை ஒழுகினாலும், குழாய் கசிந்தாலும், அதற்குப் பெயர் ஆசீர்வாதம். என் அப்பா ஜெபத்துக்கு எழுந்தால் மாமா முதலில் மேலே பார்ப்பார், பிறகுதான் கண்ணை மூடுவார். போன மழையில் மாமி போன் செய்தார்.

"பிள்ளை, எங்கட குசினிக்குள்ள, அடுப்புக்கு மேல, ஆசீர்வாதம் ஒழுகுது. திருத்த ஒராளைக் கூப்பிட வேணும்."

"இப்பவே மெசேஜ் அனுப்புறேன் மாமி."

"நீ எழுதாதை. ரூபனைக் கூப்பிடு."