குப்பையால் உயர்ந்த நாடு

மழை எப்போதாவது வழி தவறி வந்துபோகும் ஒரு மேட்டு நிலத்தில் தும்பை நாடு இருந்தது. அதன் அரசர் செங்கோடர் நல்லவர். தம் குடிகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அதனால் அயல்நாட்டில் புள்ளியியல் படித்துத் திரும்பிய அளவையார் என்பவரை அமைச்சராக்கி, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்.

அளவையார் பணக்கார நாடுகளையெல்லாம் ஆராய்ந்தார். அங்கே மொழி வேறு, தெய்வம் வேறு, உணவு வேறு. ஒன்றே ஒன்றுதான் எல்லா இடத்திலும் ஒத்துப்போனது.

"அரசே, செல்வம் மிகுந்த நாடுகளில் ஆளுக்கு விழும் குப்பை அதிகம். வறிய நாடுகளில் குறைவு. வரைந்து பார்த்தால் ஒரே நேர்க்கோடு."

அரசர் தாளில் வரைந்திருந்த அந்தக் கோட்டைப் பார்த்தார். அது அழகாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"நாம் எங்கே இருக்கிறோம்?"

"அடியில், அரசே. நம் மக்கள் எதையுமே எறிவதில்லை."

"அடப் பாவமே!" என்றார் அரசர்.

உடனே முரசு அறைந்தார்கள். ஒவ்வொரு வீடும் வாரந்தோறும் ஒரு கூடை குப்பை காட்ட வேண்டும்; காட்டாத வீட்டுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தானியம் கிடையாது.

எல்லையாற்றின் கரையில் பூவாத்தாளும் அவள் கணவன் மாரப்பனும் ஒரு கைக்குழந்தையோடு வாழ்ந்தார்கள். பூவாத்தாளுக்குப் பால் வற்றிவிட்டதால் குழந்தை ஆட்டுப்பாலில்தான் வளர்ந்தது. அந்த வீட்டில் காய்த்தோல் ஆட்டுக்குப் போகும். ஆட்டுப் புழுக்கை வயலுக்குப் போகும். சாம்பல் பாத்திரம் துலக்க ஆகும். கிழிந்த சேலைதான் குழந்தைக்குத் தூளி.

வட்டாரக் கூடை அலுவலர் வந்து காலிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"என்னம்மா, இவ்வளவு பின்தங்கி இருக்கீங்க?"

"மிஞ்சினாத்தானுங்க எறியறதுக்கு?"

"மிஞ்சினா எறியறது பழைய முறை. எறிஞ்சா மிஞ்சும். அதுதான் புதுக் கொள்கை."

அவர் போன பிறகும் பூவாத்தாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். "எறிஞ்சா எப்படிங்க மிஞ்சும்?" என்று கணவனைக் கேட்டாள்.

"படிச்சவங்க சொல்றாங்க புள்ள. நமக்குப் புரியலைன்னா அது தப்பாயிருமா?" என்றான் மாரப்பன். ஆனாலும் அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

காய்த்தோல் கூடைக்குப் போனது. ஆடு மெலிந்தது, பால் குறைந்தது. அது போதாமல் சாம்பலும் புழுக்கையும் போயின. வயல் வெளுத்தது. ஒரு வாரம் கூடை நிரம்பவில்லை என்று தூளிச் சேலையையும் அவிழ்த்துப் போட்டாள். குழந்தை தரையில் கிடந்து அழுதது. எல்லா வீடுகளிலும் இதே கதைதான். விளையாத வயலை உழுவதைப் பலர் விட்டுவிட்டார்கள்.

அரண்மனையில் அரசர் குழம்பினார். "கோடு ஏறுகிறது. களஞ்சியம் ஏன் இறங்குகிறது?"

"பணக்கார நாடுகளிலும் உழுபவர்கள் குறைவுதான், அரசே. நாம் அவர்களைப்போல ஆகிக்கொண்டிருக்கிறோம்," என்றார் அளவையார்.

பிறகு எறிவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. கோடு சரியத் தொடங்கியது. அளவையார் அஞ்சவில்லை, குப்பையை இறக்குமதி செய்யலாம் என்றார். பணக்கார நாடுகள் மகிழ்ச்சியோடு வண்டி வண்டியாக அனுப்பிவைத்தன. இடம் இல்லாததால் வயல்களில் கொட்டினார்கள்.

பூவாத்தாளின் ஆடு பசியில் அங்கே போய், பளபளத்துக் கிடந்த எதையோ தின்றது. வயிறு உப்பி, மாலைக்குள் செத்துவிட்டது.

அவள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அலுவலரிடம் ஓடினாள். "ஐயா, ஆடு போச்சுங்க. கொழந்தைக்குப் பாலுக்கு வழியில்லீங்க."

அலுவலர் ஆட்டை வாங்கிக் குப்பை நிறுக்கும் தராசில் வைத்தார். முள் ஆடி நின்றதும் எழுந்து நின்று கைதட்டினார். "வட்டாரத்துலயே உங்க வீடுதாம்மா முதல்!"

அன்றே அவள் வாசலில் 'முன்னேறிய குடும்பம்' என்று பலகை மாட்டினார்கள். அடுத்த முறை மாரப்பன் தானியம் வாங்கப் போனபோது களஞ்சியக்காரர் சாக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஏழைங்களுக்குப்பா."

"நாங்க ஏழைதானுங்களே?"

"வாசல்ல பலகை இருக்குதில்ல?"

மாரப்பன் வீட்டுக்கு வந்து பலகையை வெகுநேரம் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது. எதற்காக யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"வா புள்ள, ஆத்தைத் தாண்டிரலாம்," என்றான்.

ஆற்றுக்குப் போனால், ஊரே நடந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எடுத்துக்கொண்டுபோக யாரிடமும் எதுவும் இல்லை.

அரண்மனையில் அளவையார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அரசே, ஆளுக்கு விழும் குப்பையில் உலகிலேயே நாம்தான் முதல்! கோடு தாளைத் தாண்டிவிட்டது!"

அரசர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "தெருவில் ஆட்களைக் காணோமே?"

"ஆம், அரசே. கணக்குக்கு அதுவும் உதவியிருக்கிறது."

அரசர் முரசு அறையச் சொன்னார். அறைய ஆள் இல்லை.

அக்கரையில் ஒரு காவலன் பூவாத்தாளையும் மாரப்பனையும் நிறுத்தி, எந்த நாடு என்று கேட்டான். சொன்னதும் அவன் கண் விரிந்தது.

"தும்பை நாடா! உங்களைப் பார்த்துத்தானே எங்க ராசாவும் அடுத்த மாசத்துல இருந்து வீட்டுக்கு வீடு கூடை குடுக்கப் போறாரு. அவ்வளவு பணக்கார நாட்டை விட்டுட்டு இங்க எதுக்கு வர்றீங்க?"

மாரப்பன் வாயைத் திறப்பதற்குள் குழந்தை வீறிட்டது. காவலன் இரங்கித் தன் கஞ்சிக் கலயத்தை நீட்டினான். பூவாத்தாள் விரலால் தொட்டுத் தொட்டுக் குழந்தைக்கு ஊட்டினாள். அழுகை அடங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ஊட்டுல ஆடு இருக்குதுங்களா?"

"இருக்குதே. ஏன்?"

"கூடை வாரதுக்கு முந்தி எங்கியாச்சும் ஓட்டிட்டுப் போயிருங்க."

காவலன் ஒன்றும் புரியாமல் சிரித்தான்.