சாரலுக்கு உத்தரவு கேட்ட அண்ணாச்சி

அதிகாரம் வேண்டும் என்று சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசாங்கமே அதிகாரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, "இதை நான் வாங்கிக்கிடலாமா?" என்று அரசாங்கத்தையே திருப்பிக் கேட்ட மனிதர் இந்தியாவில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சொந்தப் பெயர் என்னவோ ஒன்று. எங்களுக்கு அவர் மேலிடத்து அண்ணாச்சி. எங்கள் சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளர். எதைக் கேட்டாலும் "மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்" என்பார். தென்காசியில் முடி வெட்டுகிற கடையில், "ஒட்ட வெட்டவா, கொஞ்சம் விட்டு வெட்டவா?" என்று கேட்டிருக்கிறார்கள். துண்டைப் போர்த்தியபடியே வீட்டுக்கு போன் போட்டார். அந்த மேலிடம் குளித்துவிட்டு வந்து பதில் சொல்வதற்குள், பின்னால் வந்தவர்களெல்லாம் முடி வெட்டி, முகம் மழித்து, வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் சுகாதார நிலையத்துக்குள் பாம்பு வந்துவிட்டது. ஊசி போட வந்தவர்களெல்லாம் ஊசி போடாமலே குணமாகி ஓடினார்கள். அண்ணாச்சி மட்டும் அசையவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, வட்டார அலுவலகத்துக்கு போன் போட்டு, "சார், அடிக்கவா, விரட்டவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் யோசித்துச் சொல்வதற்குள், பாம்பு சொந்தமாக ஒரு முடிவெடுத்துக் கிளம்பிவிட்டது.

நான் ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கிறவள். சாரல் காலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான். மற்ற நாளில் கிடைத்த பழம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்றாலும் எங்கள் ஊர்ச் சுகாதாரக் கமிட்டியில் நான் மெம்பர். இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் எங்கள் ஊருக்கு என்ன மாத்திரை, எத்தனை ஊசி, எந்த மாதம் என்ன முகாம் என்பதெல்லாம் மேலே எங்கேயோ ஒரு மேசையில் முடிவாகும். இங்கே சாரலில் ஊரே தும்மிக்கொண்டிருக்கும். வெயிலில் மயங்கியவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைத் தூள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அந்த மேசைக்கு எங்கள் மலையும் தெரியாது, மஞ்சும் தெரியாது. அப்புறம்தான் டெல்லியில் இருந்த பொறுப்பை மாநிலத்துக்கு, மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து ஊருக்கு என்று கீழே இறக்கினார்கள். தென்காசியும் தனி மாவட்டம் ஆனது. ஊருக்கு ஒரு கமிட்டி போட்டு, உங்களுக்கு என்ன தேவையோ நீங்களே முடிவெடுங்கள் என்று காகிதம் அனுப்பினார்கள். கமிட்டியில் நான், பக்கத்தில் நேந்திரம் சிப்ஸ் கடை போட்டிருக்கிற பாத்திமா, நர்ஸ் செல்வி, கூட்டத்தைக் கூட்டி வைக்கிற அண்ணாச்சி.

அந்தக் காகிதத்தைப் படித்ததிலிருந்து அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. "நாங்களே முடிவெடுக்கலாமா?" என்று மேலே கேட்டு எழுதினார். "எடுக்கலாம்" என்று பதில் வந்தது. "எப்போதிலிருந்து எடுக்கலாம்?" என்று மறுபடி எழுதினார். அதற்கு அவர்கள் பதிலே போடவில்லை. பாவம், அவர்களுக்கும் வேறு வேலை இருக்குமல்லவா?

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பி, மலை முழுக்க மஞ்சு இறங்கி, பள்ளிக்கூடம் லீவு விட்ட கூட்டமெல்லாம் ஐந்தருவிக்கு வந்துவிட்டது. பாறையெல்லாம் பாசி. வருஷா வருஷம் சீசனுக்கு அருவிப் பக்கம் ஒரு முதலுதவிக் கூடாரம் போடுவார்கள். நர்ஸ், கட்டுத்துணி, தையல் போடுகிற சாமான் எல்லாம் இருக்கும். அதற்கு மேலேயிருந்து தேதி வரும். இந்தத் தடவை தண்ணீர் வந்துவிட்டது, தேதி வரவில்லை. மண்டை உடைந்தவர்களை ரத்தத்தோடு ஆட்டோவில் ஏற்றி தென்காசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பாத்திமா சும்மா விடவில்லை. "அண்ணாச்சி, தும்மல் வந்தாலும் மேலிடத்துல கேட்டுத்தான் தும்முவியளோ?"

"ஏட்டி, கேலி பேசாத. நர்ஸை இங்கன கொண்டுவந்து வச்சிட்டு, அங்கன ஆஸ்பத்திரியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மெமோ எனக்குல்லா வரும்? இத்தனை வருஷ சர்வீஸுல ஒரு மெமோ வாங்கினது கிடையாது. ரிட்டயர் ஆவுற நேரத்துல வாங்கணுமா?"

அவர் பயமும் பொய்யில்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு என் கடை முன்னால் நின்றபடியே சென்னைக்கு போன் போட்டார். மாவட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். மாவட்டத்தில் வட்டாரத்தைக் கேளுங்கள் என்றார்கள். வட்டாரத்தில், "அதான் உங்க கமிட்டியே முடிவெடுக்கலாமே" என்று வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி மலையைப் பார்த்தார். அதற்கு மேலே கேட்பதற்கு ஆளில்லை. மெதுவாகத் திரும்பி, குடையை மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஆச்சி, நீங்கதான் கமிட்டியில மூத்த ஆளு. உத்தரவு சொல்லுங்க."

டெல்லியிலிருந்து இறங்கி இறங்கி வந்த அதிகாரம், கடைசியில் என் பழக்கூடைக்கு முன்னால் வந்து நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"தெறங்க அண்ணாச்சி. இன்னொரு மண்டை உடையுததுக்குள்ள தெறங்க."

"நானும் சரின்னு சொல்லுதேன்" என்றாள் பாத்திமா.

"நான் பையோட ரெடி" என்றாள் செல்வி.

அன்று மதியத்துக்குள் கூடாரம் எழும்பிவிட்டது. சாயங்காலமே மதுரையிலிருந்து வந்த பையன் ஒருவன் வழுக்கி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். செல்வி அங்கேயே தையல் போட்டுவிட்டாள். அவன் அம்மா அழுத அழுகை அடங்குவதற்குள், அவன் என்னிடம் ரம்புட்டான் கேட்டு நின்றான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அருவியை நானே திறந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அண்ணாச்சியின் போன் அடித்தது. மாவட்டத்துப் பெரிய அதிகாரி. அருவிச் சத்தத்தில் காது கேட்காது என்று அண்ணாச்சி எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"ஐந்தருவியில கூடாரம் போட்டிருக்கீங்களாமே? யார் உத்தரவு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "சொல்லுங்க, நான்தான்னு சொல்லுங்க" என்று சைகை காட்டினேன். அவர் சொல்லியிருந்தால் தப்பே இல்லை, அதுதான் உண்மையும்கூட. மெமோ பழக்கடைக்கா வரப்போகிறது?

அவர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் மேடம். நான்தான் முடிவெடுத்தேன்."

பாத்திமா சிப்ஸ் அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்பாடா!" என்றது போன். "இதைத்தானே சார் காகிதத்துல எழுதி அனுப்பினோம்! நல்லது. மத்த அருவிக்கும் என்ன வேணும்னு பார்த்து நீங்களே செய்யுங்க."

போனைப் பையில் போடுவதாக நினைத்து என் பழக்கூடையில் போட்டார் அண்ணாச்சி. கடை முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் கடைக் குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பழமெல்லாம் நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.