பலகையை ஜெயிக்கிறவன்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. என் மலைத் தோழன் யெர்னெய் ஐந்து மணிக்குப் போய்விட்டான் என்று அவன் தங்கை ஆங்கா தொலைபேசியில் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் வரும் ஈஸ்டர் வரை தாங்குவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இது நவம்பர். அறுபத்து மூன்று வருடத்தில் அவன் சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் ஆங்கா இன்னும் தொலைபேசியில் இருப்பது நினைவுக்கு வந்தது.

இப்படிக் கணக்குப் போடுகிற பிராணிகள் எங்கள் ஸ்லோவேனிய ஆல்ப்ஸில் ஏராளம். பலகையை ஜெயிக்கிறவன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பாதை பிரிகிற இடமெல்லாம் சிவப்புப் பலகை இருக்கும். மலையேறுகிறவர்கள் இரவு தங்கும் அடுத்த குடிலுக்கு இத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்து வழி தெரிந்துகொள்வார்கள். இவன் அதைத் தனக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொள்வான். "மூணரை மணி நேரமா? யாருக்கு? பியானோவை முதுகுல கட்டிக்கிட்டுப் போறவனுக்கா?"

எடை குறைய வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்து, சட்டைக் காலரில் இருக்கும் துணிப்பட்டியைக் கத்தரித்து, சாக்லேட்டின் அட்டையை வீட்டிலேயே கழற்றி எறிந்து, அப்படி மிச்சமான இடத்தில் அரை லிட்டர் பிளம் சாராயத்தைச் செருகிக்கொண்டு, பதினாறு பேர் தூங்குகிற கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, உலகத்திலேயே அதிகமாகச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையை அரை மணி நேரம் பிரித்துக் கட்டுகிறவன் இவனே. வழியில் காட்டாடு தெரிந்தால் நிற்க மாட்டான். நின்றுவிட்டால் அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவான். மூச்சு வாங்க நின்றது, தண்ணீர் குடிக்க நின்றது, பூட்ஸ் கடித்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் கழிவு.

ஆயிரம் மீட்டருக்கு மேலே எங்களிடம் 'நீங்கள்' கிடையாது. நீதிபதியும் 'நீ'தான், பிளம்பரும் 'நீ'தான். அந்தச் சமத்துவம் இவனுக்குப் பொறுக்காது. யார் உசத்தி என்பதை நிமிடக் கணக்கில் காட்டியாக வேண்டும். குடில் வாசலில் கால் வைத்ததுமே அறிவிப்பான்.

"நின்ன நேரத்தைக் கழிச்சா ரெண்டு மணி நாப்பது நிமிஷம், மிலோய்கா!"

"மொதல்ல பூட்ஸைக் கழட்டு. உள்ள போட்டுக்கிற செருப்பு அங்க கிடக்கு. சூப்பு பார்லியா, புளிச்ச முட்டைக்கோஸா?"

இருபது வருடமாகக் குடிலை நடத்துகிறவளின் பதில் எப்போதும் இவ்வளவுதான்.

யாரைச் சொல்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். என் பெயர் ராடோ.

நானும் யெர்னெயும் முப்பது வருடமாகக் குடில் குடிலாக நடந்து முத்திரை சேர்த்தோம். ஒவ்வொரு குடிலிலும் ஒரு முத்திரை. ஆளுக்கு ஒரு சிறு புத்தகம். மிலோய்காவின் குடில் இரண்டு புத்தகத்திலும் காலியாகக் கிடந்தது. நான் அங்கே பலமுறை போயிருந்தாலும் முத்திரை குத்தவில்லை. கடைசி முத்திரையைச் சேர்ந்து குத்துவோம் என்று பேச்சு. போன வசந்தத்தில் அவனுடைய வியாதிக்குப் பெயர் வைத்தார்கள். ஆகஸ்டில் அவனே கூப்பிட்டான்.

பலகை நான்கு மணி நேரம் என்றது. கிளம்புமுன் அவன் பையை நான் எடை போட்டேன். ஆமாம், அப்போதும். முத்திரைப் புத்தகத்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். தொண்ணூறு கிராம் மிச்சம். அவன் வழக்கம்போல் ஒவ்வொரு பூவுக்கும் குனிந்தான், எதிரே வந்த ஒவ்வொருவனிடமும் எந்த ஊர் என்று கேட்டான். கணவாய்க்குக் கீழே எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் முன்னாடி போய்ப் படுக்கை பிடிச்சு வைக்கிறேன்டா."

"படுக்கை ஏற்கெனவே சொல்லி வச்சாச்சே," என்றான். பிறகு சிரித்தான். "சரி, ஓடு. பலகை காத்துக்கிட்டு இருக்கு."

மூன்று மணி இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்தச் சூட்டோடு என் புத்தகத்தில் குத்தியும் விட்டேன். சாயங்காலம் குடில் தொலைபேசி அடித்தது. "கணவாய் வரைக்கும் வந்துட்டேன்டா. அதுக்கு மேல முடியல, இறங்கிட்டேன். என் சூப்பையும் நீயே சாப்பிடு."

"அவன் புக்லயும் ஒண்ணு குத்திடு, பாவம்," என்றாள் மிலோய்கா.

"அதெப்படி? நடந்து வந்தாத்தானே? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல," என்றேன்.

கணவாயிலிருந்து குடிலுக்கு நாற்பது நிமிடம் என்று அங்கே பலகை சொல்கிறது. நான் மிச்சம் பிடித்ததும் நாற்பது நிமிடம்தான். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆங்கா அழைத்தபோது கடைசியாக இதைத்தான் கேட்டாள்: "அவன் புக் உன்கிட்டதானே இருக்கு? பெட்டியில அவனோட சேத்து வைக்கணும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம், அதுக்குக் கொண்டு வந்துடு."

குடில் அக்டோபரிலேயே மூடியாகிவிட்டது. இன்று மிலோய்காவின் வீட்டுக்குப் போனேன். முத்திரைக்கட்டை அவள் சமையலறையில் கரண்டிகளுக்கு நடுவே கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, "எவ்ளோ நேரத்துல வந்த?" என்று கேட்டாள்.

"பாக்கல."

"பாக்கலையா? உடம்புக்கு ஏதாவதா, ராடோ?"

நீங்கள் மலை ஏறாதவராக இருக்கலாம். அதனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இதைப் படிக்கத் தொடங்குமுன் எவ்வளவு நீளம் என்று ஒரு பார்வை ஓட்டினீர்கள் அல்லவா? நடுவில் இரண்டு வரி தாண்டியும் வந்திருப்பீர்கள். வாருங்கள், நம்மவர்தான்.

நாளை வெள்ளிக்கிழமை. மேசைமேல் கட்டை இருக்கிறது. மைப்பெட்டியை நனைத்து வைத்திருக்கிறேன். குத்துவதற்கு இரண்டு விநாடி போதும். யெர்னெயின் புத்தகத்தில் கடைசிப் பக்கத்துக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.