சட்டை குடித்த தண்ணீர்

இனிமேல் தண்ணீரை வாயில் மட்டுமே ஊற்றுவது என்று உறுதி எடுத்திருக்கிறேன். காலம் கடந்த உறுதிதான்.

என் தொழில் இஸ்திரி போடுவது. சூட்டில் நிற்பவன் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு சேரும், கல்லாகும் என்றார் டாக்டர். சேர்ந்தது. ஆனது. வலி வந்த அன்று, யாராவது இஸ்திரிப் பெட்டியை என் இடுப்பில் வைத்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"தினம் மூணு லிட்டர் குடிங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான்."

குடிப்பதில் கஷ்டமில்லை. குடித்தது வெளியேற வேண்டுமே! கழிப்பறை இருப்பது என் கடைக்கு எதிரே உள்ள பெண்கள் தையல் கடையின் பின்பக்கம். அத்தனை பெண்களையும் தாண்டிப் போக வேண்டும். நானோ கல்யாணப் போட்டோவிலேயே செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவன்.

அதனால் மனைவி கொடுத்தனுப்பிய தண்ணீரையெல்லாம் துணிமேல் தெளித்தே தீர்த்தேன்.

"முழுசும் குடிச்சீங்களா?"

"சொட்டு மிச்சமில்லை."

"என் ராசா!"

அந்த 'ராசா' முதல் நாள் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தால், மனைவியின் தம்பி சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். முதுகெல்லாம் தடிப்பு.

"நீங்க தேச்ச சட்டைதான் மாமா! உள்ளே ஒரே எறும்பு. மேடையில பேச நின்னவன் ஆடிட்டு இறங்கினேன். கைதட்டு வேற!"

"எறும்புக்கு என் கடையில என்னடா வேலை?"

மனைவி நிமிரவில்லை. "நாலு நாளா தண்ணியில எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் கலந்து விடறேன். ஒரு நாளாவது 'இனிக்குதே'ன்னு சொன்னீங்களா?"

பெட்டியின் அடியில் பிசுபிசுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண் கலங்கியது. அதுதான் சுட்டது.

"வெட்கமா இருக்கு. எதிர்த் தையல் கடைப் பொம்பளைங்களைத் தாண்டி கக்கூஸுக்கு எப்படிப் போறது?"

"இவ்வளவுதானா? நான் பாத்துக்கறேன். நீங்க குடிங்க."

மறுநாள் குடித்தேன், உண்மையாகவே. வயிறு முட்டியதும் தலையைக் குனிந்தபடி தெருவைக் கடந்தேன். தையல் மெஷின்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. தையல்காரம்மா எழுந்து தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"வழி விடுங்கம்மா, கல்லுக்காரர் வந்துட்டாரு! அண்ணே, மணிக்கு ஒருதரம் நீங்களா வரலேன்னா, நாங்க எல்லாரும் வந்து கையோட கூட்டிட்டு வரணும்னு அண்ணி சொல்லியிருக்காங்க!"